ஹாரன் சில நேரம் அடிக்கிறது, சில நேரம் அடிப்பதில்லை: ரங்கூன் கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் தாம்வே பக்கம் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். மே மாதம் பாதியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை பட்டறைக்கு ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். "அண்ணே, ஹாரன் நேற்று அடித்தது, காலையில் அடிக்கவில்லை. இங்கே கொண்டுவந்து நிறுத்தியதும் மறுபடி அடிக்கிறது." இப்படி வந்த நம் ஆட்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். வோல்ட் அளக்கும் மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கூட பாதி வேலையை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

பிரேக், லைட் எல்லாம் சரியாக இருக்கிறது. ஹாரனுக்குப் போய் இவ்வளவு அவசரம் வேண்டுமா?

வேண்டும். நம் ஊரில் கட்டாயம் வேண்டும். 1970 டிசம்பரில் பர்மா முழுவதும் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியது. ஆனால் இங்கே ஓடுவதில் ஏகப்பட்டவை ஜப்பானில் ஓடிவிட்டு வந்த பழைய கார்கள், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். சாலையின் நடுவைப் பார்த்து உட்கார வேண்டிய ஓட்டுநர், நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். பெகு சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால், எதிரே வருவது கண்ணில் படுவதற்குள் வண்டியின் இடப்பக்கம் பாதி வெளியே போயிருக்கும். லாரிக்காரருக்கு எட்டிப் பார்த்துச் சொல்ல ஸ்பேர் பையன், அதாவது கூட வரும் உதவியாள், இருக்கிறான். காரில் தனியாகப் போகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? ஹாரன் அடித்து, முன்னால் போகிறவர் நம்மைக் கவனித்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் முந்த முடியும்.

ஹாரன் அடியோடு செத்துவிட்டால் அதற்கேற்ப நிதானமாக ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். விட்டு விட்டு அடிப்பதுதான் எனக்குக் கவலை. அது அடிக்கும் என்று நம்பித்தானே முந்துகிறோம்.

சில நேரம் மட்டும் அடிக்கிறது என்றால் ஹாரன் கெட்டுவிட்டதா? புதுசு வாங்கிவிடவா?

பொறுங்கள். புது ஹாரனைக் கையோடு வாங்கிக்கொண்டு வருகிறவரிடம், அதைப் பெட்டியிலேயே வைக்கச் சொல்லிவிட்டுத்தான் பானெட்டைத் திறப்பேன். பல தடவை அது பெட்டியிலேயே கடைக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

கரண்ட் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே, ரிலேயிலிருந்து ஹாரன், ஹாரனிலிருந்து கார் பாடி வழியாகத் திரும்ப பேட்டரி. இது பெரிய வழி, நாலைந்து ஆம்பியர் ஓடும். ஸ்டீயரிங் பட்டன் இந்த வழியில் இல்லை. பெரும்பாலான ஜப்பான் கார்களில் பட்டனை அமுக்கும்போது ரிலேக்குள் இருக்கும் சின்னச் சுருளுக்கு எர்த், அதாவது கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சுருள் காந்தமாகி ரிலேயின் காண்டாக்டை மூடுகிறது, அப்போது பெரிய வழியில் கரண்ட் ஓடுகிறது. ஆக இரண்டு வழி, பத்துக்கு மேல் இணைப்பு. விட்டு விட்டு வரும் கோளாறு அநேகமாக இந்த இணைப்புகளில் ஒன்று தளர்ந்ததால், துருப்பிடித்ததால், களிம்பேறியதால் வருவது.

மீட்டர் இல்லாமல் வீட்டிலேயே எங்கிருந்து தொடங்குவது?

காதிலிருந்து. சாவி போடாமலேயே பெரும்பாலான கார்களில் ஹாரன் அடிக்கும், அதனால் இன்ஜினை நிறுத்தி அமைதியான இடத்தில் வையுங்கள். வீட்டுப் பையனை ஹாரன் பட்டனை விட்டு விட்டு அமுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியின் மேல் விரல் வைத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடிக்காத நேரத்தில் அமுக்கும்போதும் ரிலே 'டிக்' என்கிறதா? விரலுக்கும் அது தெரியும். சில கார்களில் ரிலே டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும், அங்கே காதை வையுங்கள்.

டிக் கேட்டு ஹாரன் சத்தம் இல்லையென்றால் பட்டன், ஸ்டீயரிங் பக்கம் சரி. கோளாறு ரிலேயின் உள் காண்டாக்ட், ஹாரன் வரை போகும் வயர், ஹாரன், எர்த் இவற்றில் ஒன்று. டிக்கே கேட்கவில்லை என்றால் ஸ்டீயரிங் பக்கம், ஃபியூஸ், ரிலேயின் சுருள் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த ஒரு சோதனை பாதி வேலையைக் குறைத்துவிடும்.

அப்புறம் ரிலேயை மாற்றிப் பாருங்கள். அதே பெட்டியில் அதே எண் எழுதிய வேறொரு ரிலே, லைட்டுக்கோ ஃபேனுக்கோ, இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிச் செருகி, இரண்டு நாள் ஓட்டுங்கள். ஹாரன் ஒழுங்காகிவிட்டது, ஆனால் அந்த இன்னொன்று தகராறு செய்கிறது என்றால் குற்றவாளி ரிலேதான்.

ஃபியூஸ் போயிருந்தால் அடியோடு அடிக்காதே, விட்டு விட்டு ஏன் அடிக்கப் போகிறது?

சரியான கேள்வி. எரிந்த ஃபியூஸ் திரும்ப உயிர் பெறாது. ஆனால் ஃபியூஸ் செருகும் பள்ளத்தில் இருக்கும் தகடு விரிந்துபோனால் குலுங்கும்போது தொடும், விடும். ஃபியூஸைப் பிடுங்கி அதன் இரண்டு காலையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் பழுப்பேறியோ பிளாஸ்டிக் இளகியோ இருந்தால் அங்கே சூடு வந்திருக்கிறது. சில டொயோட்டா கார்களில் ஹாரனுக்கும் ஹசார்ட் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், இரண்டும் சேர்ந்து போனால் நேராக அங்கே போகலாம். மூடியில் எழுதிய ஆம்பியரை மீற வேண்டாம். 10 என்றால் சிவப்பு, 15 என்றால் நீலம். நீலம் எரிகிறதே என்று பச்சை 30 போட்டால் அடுத்தது எரிவது வயர்.

மழை பெய்தால்தான் தகராறு. வெயிலில் நன்றாக அடிக்கிறது. ஏன்?

இந்த ஊரில் நான் பார்ப்பதில் முக்கால்வாசி இதுதான். ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, அதுவும் அநேகமாக எல்லாமே ஐந்தாறு மாதத்துக்குள். ஹாரன் இருப்பதோ கிரில்லுக்குப் பின்னால், முன்னால் போகும் பஸ்ஸின் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் நேராக விழும் இடம்.

முதலில் எர்த். ஹாரனில் ஒரே ஒரு வயர் மட்டும் செருகியிருந்தால், அதன் எர்த் அது மாட்டியிருக்கும் பட்டை வழியாகத்தான் போகிறது. ஒரு புரோபாக்ஸ் காரில் பார்த்ததைச் சொல்கிறேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, 10 நம்பர் ஸ்பானருக்கு அசையவே இல்லை. எண்ணெய் விட்டுக் கழற்றிப் பட்டையைத் தூக்கினால், கீழே பாடியில் வட்டமாகச் செம்பொடி. நடுவில் மிளகு அளவுக்கு ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளையாக மின்னிக்கொண்டிருந்தது. அந்த மிளகளவு இடத்தில்தான் அத்தனை நாளும் ஹாரன் அடித்திருக்கிறது. மழை ஈரம் துருவுக்குள் இறங்கியதும் அதுவும் போய்விட்டது. உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்து, பாடியில் பெயின்ட் போய் இரும்பு தெரியும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். வேறு எந்தச் சாமானும் போடவில்லை.

அடுத்தது வயர் செருகும் முனை. பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும். செருகியைப் பிடுங்கி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். தகடு உள்ளே நுழையும் பெண் முனை விரிந்திருந்தால் நீள்மூக்குக் குறடால் மெல்ல அமுக்கிவிடுங்கள், செருகும்போது பிடிப்பு தெரிய வேண்டும். இணைத்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் ஈரம் அண்டாது.

செருகியிலிருந்து ஒரு சாண் தூரம் வயரைத் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் விறைப்பாகவோ உப்பியோ இருந்தால் உள்ளே களிம்பு ஏறியிருக்கிறது. அதைக் கிளீனரால் ஒன்றும் செய்ய முடியாது, நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். மழைக் காலத்தில் எலியும் பானெட்டுக்குள் ஒதுங்கும். கடித்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன், ஹாரன் செருகியில் 12 வோல்ட் வருகிறது. ஆனாலும் அடிக்கவில்லையே?

செருகியைப் பிடுங்கி வைத்துப் பார்த்திருப்பீர்கள். மீட்டர் கரண்டையே இழுப்பதில்லை. வயரில் ஒரே ஒரு இழை உயிரோடு இருந்தாலும் மீட்டர் 12 காட்டிவிடும். நாலு ஆம்பியர் கேட்கும் ஹாரனை அந்த ஒற்றை இழை ஓட்டாது. இந்த ஏமாற்றத்தில் நல்ல ஹாரனைக் கழற்றி எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

செருகியை மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசிமுனை விட்டு, ஹாரன் பட்டனை அமுக்கச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை ஹாரனுக்கு வரும் வயரில். பட்டனை அமுக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ கரண்ட் விரயமாகிறது. அதேபோல ஹாரனின் எர்த் பக்கத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே அதிகம் காட்டினால் எர்த் சரியில்லை.

மீட்டர் வாங்க வசதியில்லையென்றால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். அந்த பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். செருகியில் அதை மாட்டி பட்டனை அமுக்கும்போது பிரகாசமாக எரிந்தால் வயர் நல்ல வயர். மங்கினால் வயரிலோ எர்த்திலோ கோளாறு. எல்இடி வைத்த டெஸ்டர் பேனா இதற்கு உதவாது, அதுவும் மீட்டர் மாதிரி ஏமாற்றும்.

ஸ்டீயரிங் நேராக இருந்தால் அடிப்பதில்லை, திருப்பினால் அடிக்கிறது. இது என்ன?

ஸ்பைரல் கேபிள். கிளாக் ஸ்பிரிங் என்றும் சொல்வார்கள். சுழலும் ஸ்டீயரிங்கையும் சுழலாத தண்டையும் இணைக்க, ஓலைச்சுருள் மாதிரி சுருட்டி வைத்த மெல்லிய நாடா. வருடக்கணக்கில் சுருண்டு விரிந்து ஓரிடத்தில் உள்ளே செம்பு விண்டுவிடும். ஒரு நிலையில் தொடும், இன்னொரு நிலையில் விலகும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரிகிறது, ஸ்டீயரிங் மேல் இருக்கும் ரேடியோ பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். சமீபத்தில் ஸ்டீயரிங் ராக், அதாவது முன் சக்கரத்தைத் திருப்பும் பகுதியில், வேலை பார்த்தீர்களா என்றும் கேட்பேன். தண்டைக் கழற்றிவிட்டு வீலைச் சும்மா சுழற்றினால் நாடா இழுபட்டு அறுந்துவிடும்.

இதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். அந்த மூடிக்குள் ஏர்பேக் இருக்கிறது, அது வெடிமருந்தால் விரிவது. தெரிந்த மெக்கானிக் செய்தாலும் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு உடனே கை வைக்கிறாரா? டொயோட்டா குறைந்தது 90 வினாடி காத்திருக்கச் சொல்கிறது. நான் பத்து நிமிடம் விடுவேன், ஒரு டீ குடிக்கும் நேரம்தானே. மஞ்சள் நிறச் செருகியில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். புது ஸ்பைரல் கேபிளை நடுநிலைப்படுத்தித்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் யூ டர்னிலேயே அறுந்துவிடும். பழைய சாமான் கடையில் வாங்குவதானால் அதே மாடல், அதே பட்டன் எண்ணிக்கையா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏர்பேக் இல்லாத பழைய கார்களில் ஸ்பைரல் கேபிள் இருக்காது. ஒரு பித்தளை வளையமும் அதன் மேல் உரசும் முனையும் இருக்கும். வளையத்தைத் துடைத்து, முனையைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும்.

தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் ஹாரன் கரகரக்கிறது. என்ன செய்யலாம்?

திஞ்ஜானும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி வருகின்றன, கோயிலுக்குப் போய்த் திரும்பும்போதே கார் நனைந்துவிடும். தெருவோர மண்டபங்களில் குழாய் வைத்து நேராக கிரில்லுக்குள் அடிக்கிறார்கள். மழைத் தண்ணீருக்கு ஹாரன் தாங்கும், குழாய்த் தண்ணீர் வாய் வழியாக உள்ளே போய்த் தகட்டின் மேல் நிற்கும்.

உடனே விடாமல் அடித்துக் காயவைக்கப் பார்க்காதீர்கள். கழற்றி, வாயைக் கீழே பார்க்கக் கவிழ்த்து, வெயிலில் ஒரு நாள் வையுங்கள். திரும்ப மாட்டும்போதும் வாய் கீழ்நோக்கியோ சாய்ந்தோ இருக்கட்டும். யாரோ முன்பு மேல்நோக்கி மாட்டிவைத்திருப்பதை நிறையப் பார்க்கிறேன், அது தண்ணீர் பிடிக்கும் கிண்ணமாகிவிடுகிறது. கார் கழுவும் இடத்தில் பிரஷர் குழாயை கிரில்லுக்குள் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சத்தம் மெலிந்துவிட்டது, முன்பு மாதிரி கனமாக இல்லை.

இரண்டு ஹாரன் உள்ள கார் என்றால் ஒன்று செத்திருக்கும். ஒன்று நொடிக்குச் சுமார் 400 அதிர்வில் தடித்த குரல், மற்றது சுமார் 500 அதிர்வில் கீச்சுக் குரல். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தக் கனம். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே ஹாரன்தான், இன்ஜின் ஓடும்போது சரியாக இருக்கிறது, நிறுத்தினால் மெலிகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். நிறுத்திய காரில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும்.

ஹாரன் முதுகில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பச் சிலர் சொல்வார்கள். அது குரலைச் சரிசெய்யும் திருகுதான், ஆனால் வயர், எர்த், பேட்டரி எல்லாம் சரி என்று உறுதியான பிறகு மட்டும் தொடுங்கள். பழைய நிலையைக் கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, அரைக்கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போக வேண்டாம்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் அடிக்கிறது. அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வீடு போய்ச் சேர அது போதும். ஹாரனுக்குள் ஒரு காண்டாக்ட் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திறந்து மூடித் தகட்டை அதிரவைக்கிறது. அந்த முனை தீய்ந்தால் ஒட்டிக்கொள்ளும், தட்டினால் விடும், நாளைக்கு மறுபடி ஒட்டும். இங்கேதான் உண்மையிலேயே புது ஹாரன் வேண்டும்.

நள்ளிரவில் தானாக அடித்துத் தெருவையே எழுப்பிவிட்டது. எப்படி நிறுத்துவது?

ஹாரன் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள், நின்றுவிடும். எந்த இடம் என்று பகலிலேயே பார்த்து மனதில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் நம் கார்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும். அடுத்த நாள் அதே மாதிரி இன்னொரு ரிலேயைச் செருகுங்கள். அடிக்கவில்லை என்றால் பழைய ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிப்போயிருந்தது. புது ரிலேயிலும் அடித்தால் பட்டனிலிருந்து வரும் வயர் எங்கோ பாடியில் தொடுகிறது, அல்லது ஏப்ரல் வெயிலில் ஸ்டீயரிங் நடு மூடி வளைந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு மாட்டிய அலாரம் உள்ள கார் என்றால் அலாரக்காரர் ஹாரன் வயரை எங்கே வெட்டி ஒட்டினார் என்று தேடுங்கள். டேப் சுற்றிய அந்த ஒட்டுதான் அநேகமாக வில்லன்.

பெரிய சத்தமுள்ள ஹாரன் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் பழைய வயரிலேயே செருகாதீர்கள். அது அதிக ஆம்பியர் கேட்கும். பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், தனி ரிலே வேண்டும். பழைய ஹாரன் வயர் அந்தப் புது ரிலேயை இயக்கினால் போதும். கோளாறை மறைக்கப் பெரிய ஹாரன் மாட்டுவது மட்டும் வேண்டாம், அதே துருப்பிடித்த எர்த்தில் அதுவும் ஊமையாகும்.

மோல்மேனில் தம்பி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான். அதிலும் இதே தொல்லை.

ரங்கூன் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் எனக்கு அந்த வேலை குறைவு. மோல்மேனில் நம்மைவிட மழை அதிகம். சின்ன வண்டிகளில் பெரும்பாலும் ரிலே கிடையாது, ஹாரன் கரண்ட் முழுவதும் கைப்பிடி பட்டன் வழியாகவே போகும். அந்தப் பட்டனைப் பிரித்து உள்ளே உள்ள தகட்டைத் துடைக்கச் சொல்லுங்கள், அநேகமாக அதுதான்.

வெட்டிய வயரைப் பற்றவைக்க மின்சாரம் இல்லை. முறுக்கி டேப் சுற்றினால் போதாதா?

போதாது, அடுத்த மழைக்கு அதுவே கோளாறு. மின்சாரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கிரிம்ப் குழாயில் இரண்டு முனையையும் விட்டுக் குறடால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு லைட்டரால் வாட்டுங்கள். நசுக்கியதும் இழுத்துப் பாருங்கள், கழன்று வரக் கூடாது.

எல்லாம் பார்த்தாயிற்று. பட்டறைக்கு வந்தால் அடிக்கிறது, சாலையில்தான் அடிப்பதில்லை. எப்படிப் பிடிப்பது?

கோளாறு வரும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அதனால் உங்கள் கண் முன்னால் ஒரு பல்பை உட்கார வைப்பேன். 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று. அதன் ஒரு வயர் ஹாரனுக்கு வரும் பிளஸ் முனையில், மற்றது ஹாரனின் எர்த் முனையில், ஒற்றை வயர் ஹாரன் என்றால் ஹாரன் உடம்பிலேயே. இரண்டு வயரையும் இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரின் ஓட்டை வழியாக உள்ளே இழுத்து பல்பை டேஷ்போர்டில் ஒட்டிவைப்பேன். பட்டனை அமுக்கும்போதெல்லாம் பல்பு எரியும். ஹாரன் அடிக்காத நேரத்தில் பல்பு எரிந்ததா இல்லையா, அதை மட்டும் பார்த்து வந்து சொல்லுங்கள். எரிந்தால் கரண்ட் ஹாரன் வரை வருகிறது, கோளாறு ஹாரனுக்குள். எரியவில்லை என்றால் ஹாரனைத் தொடவே வேண்டாம், பிளஸ் வழியிலோ எர்த்திலோ தேட வேண்டும்.

போன வருடம் ஒரு டாக்ஸித் தம்பிக்கு இப்படிக் கட்டிக்கொடுத்தேன். அவர் ஏற்கெனவே இரண்டு ஹாரன் மாற்றியிருந்தார். மூன்றாம் நாள் மழையோடு வந்து நின்றார். "அண்ணே, ஹிலேடான் சந்திப்பில் அடிக்கவில்லை, பல்பும் எரியவில்லை. ஆனால் டிக் சத்தம் கேட்டது." ஃபியூஸ் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தேன். ஹாரனுக்குப் போகும் வயர், ரிலேயின் அடியில், தோல் முழுசாக இருக்க உள்ளே பச்சையாகப் பொடிந்திருந்தது. இரண்டு அங்குலம் வெட்டி, புது முனை போட்டு நசுக்கினேன். பல்பைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். இந்த மழைக்காலம் முடியும் வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.